தெருக்குழாயிலிருந்து ஜெனீவா வரை: ஐ.நா. மனித உரிமை ஆய்வில் ஊர்ச் சங்கங்கள் பங்கெடுக்க முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே, கரும்புக் காட்டை ஒட்டிய டோங்காட்டில் இருந்து எழுதுகிறேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் ஊரின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமானது. அதற்குப் பிறகு பல மாதங்கள் குழாயில் தண்ணீர் இல்லை. அந்த மாதங்களில் கோயில் மண்டபத்தில் கூடிய பெண்களால்தான் எங்கள் சங்கம் ஐ.நா. குழுக்களுக்கு எழுதத் தொடங்கியது. பிறகு வேறு சங்கங்களுக்கும் உதவினேன். எல்லோரும் ஏறக்குறைய அதே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். அதனால் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

இதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. ஐ.நா.வில் பதிவு பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மனித உரிமை உடன்படிக்கைகளை நாடுகள் கடைப்பிடிக்கின்றனவா என்று பார்க்கும் ஐ.நா. நிபுணர் குழுக்களுக்கு எந்த ஊர்ச் சங்கமும் எழுதலாம். வேலையைத் தொடங்கும் முன் நான்கு பேர், ஒரு கணினி, பெரிய எழுத்தில் தேதி எழுதிய ஒரு நாட்காட்டி, ஓராண்டுப் பொறுமை இருந்தால் போதும்.

1. எந்த உடன்படிக்கை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஒவ்வொரு உடன்படிக்கைக்கும் தனித்தனி நிபுணர் குழு இருக்கிறது. கையெழுத்திட்டு உறுதி செய்த நாடுகளை அந்தந்தக் குழு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூப்பிட்டுக் கேள்வி கேட்கும். உங்கள் நாடு ஏற்காத உடன்படிக்கையின் குழுவுக்கு எழுதினால் அந்த உழைப்பு வீண். ஆகவே இந்தச் சரிபார்ப்புதான் முதல் வேலை.

தென்னாப்பிரிக்கா பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையையும் குழந்தை உரிமை உடன்படிக்கையையும் 1995இல் ஏற்றது. இனப் பாகுபாடு ஒழிப்பு 1998இல், மாற்றுத்திறனாளிகள் உரிமை 2007இல். பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான உடன்படிக்கையை 2015இல்தான் ஏற்றது. தண்ணீர், வீடு, உடல்நலம், சமூகப் பாதுகாப்பு எல்லாம் இதற்குள் வரும். மொரீஷியசில் இருப்பவர்களுக்கும் இதே வழிதான். ரீயூனியனில் இருப்பவர்கள் பிரான்சின் ஆய்வைப் பார்க்க வேண்டும்.

ஒரு பிரச்சினைக்கு ஓர் உடன்படிக்கையை மட்டும் எடுங்கள். ஒரே காகிதத்தை ஐந்து குழுவுக்கும் அனுப்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு குழுவும் தன் உடன்படிக்கையின் பிரிவு எண்ணைத் தேடித்தான் படிக்கும். அது இல்லையென்றால் உங்கள் காகிதம் யாருக்கும் உரியதாக இருக்காது.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி வரும். உலகளாவிய காலமுறை மீளாய்வு என்பது வேறு. அங்கே கேள்வி கேட்பவை மற்ற நாட்டு அரசுகள், நிபுணர்கள் இல்லை. அதற்குத் தனிச் சங்கம் 2,815 சொற்களும் கூட்டாக எழுதினால் 5,630 சொற்களும்தான் எழுத முடியும். இந்த வழிகாட்டி நிபுணர் குழுக்களைப் பற்றியது மட்டுமே.

2. எழுதும் முன் தேதியைப் பிடியுங்கள்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை அறிக்கை மோசமாக இருந்ததால் வரவில்லை, தாமதமாக வந்ததால் வந்தன.

ஆய்வு நடக்கும் வரிசை இது. அரசு தன் அறிக்கையை அனுப்பும். குழுவின் சில உறுப்பினர்கள் முன்கூட்டியே கூடி, அரசிடம் கேட்க வேண்டியவற்றைக் கேள்விப் பட்டியலாக வெளியிடுவார்கள். அரசு எழுத்தில் பதில் தரும். பல மாதங்கள் கழித்து ஜெனீவாவில் அமர்வு நடக்கும். அங்கே அரசுக் குழுவும் நிபுணர்களும் நேருக்கு நேர் பேசுவார்கள். அமர்வின் முடிவில் இறுதிக் கருத்துரைகள், அதாவது குழுவின் கவலைகளும் பரிந்துரைகளும், வெளிவரும்.

புதியவர்கள் ஜெனீவா அமர்வுதான் எல்லாம் என்று நினைக்கிறார்கள். செய்தியில் அதைத்தானே காட்டுகிறார்கள். உண்மையில் வாசல் இரண்டு. முதல் வாசல் கேள்விப் பட்டியல் தயாராகும் நேரம், இரண்டாவது அமர்வுக்குச் சில வாரம் முன். பட்டியலில் உங்கள் பிரச்சினை ஏறிவிட்டால் அரசு அதற்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலில் சொல்லும் எண்களை நீங்கள் ஊரில் போய்ச் சரிபார்க்கலாம். இரண்டாவது வாசலில் மட்டும் வந்தால் உங்கள் பிரச்சினையை உறுப்பினர் புதிதாகக் கேட்க வேண்டியிருக்கும், அதிகாரி "தகவல் பிறகு தருகிறோம்" என்று முடித்துவிடலாம்.

சுருக்க நடைமுறை என்று ஒன்றும் இருக்கிறது. அதில் அரசு அறிக்கை எழுதுவதற்கு முன்பே குழு கேள்விப் பட்டியலை அனுப்பிவிடும். அரசின் அறிக்கையே அந்தக் கேள்விகளுக்கான பதிலாக இருக்கும். "அரசு அறிக்கை வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று காத்திருந்தால் முதல் வாசல் உங்களுக்குத் தெரியாமலே மூடிவிடும்.

தேதியை எங்கே பார்ப்பது? ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் தனிப் பக்கம் உண்டு. வரப்போகும் அமர்வுகள், எந்தெந்த நாடுகள், சங்கங்களுக்கான கடைசித் தேதி, அனுப்பும் முறை எல்லாம் அங்கே வரும். அட்டவணை மாறும். ஐ.நா.வின் பணத் தட்டுப்பாடு அண்மை ஆண்டுகளில் அமர்வுகளின் அட்டவணையையே பாதித்திருக்கிறது. எனவே மாதம் ஒருமுறை பார்ப்பதற்கென்று ஒருவரை நியமியுங்கள். எல்லோரும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். எழுதித் திருத்த ஆறு வாரம், ஆதாரம் சேர்க்க மூன்று மாதம், அதிகாரப்பூர்வத் தகவல் கேட்டுப் பெற இரண்டு மாதம். கடைசி இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டலாம்.

3. சென்ற முறை குழு என்ன சொன்னது?

தென்னாப்பிரிக்காவின் முதல் அறிக்கையைப் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைக் குழு 2018 அக்டோபரில் ஆய்வு செய்து இறுதிக் கருத்துரைகளை வெளியிட்டது. உங்கள் பிரச்சினைக்கு எந்தக் குழு பொறுப்போ, அதன் கடைசிக் கருத்துரையை எடுத்து உங்களைத் தொடும் பத்திகளுக்குக் கோடு போடுங்கள்.

குழு எப்போதும் தன் பழைய பரிந்துரை என்னவாயிற்று என்றுதான் முதலில் பார்க்கும். "நீங்கள் அப்போது சொன்னது எங்கள் தெருவில் நடக்கவில்லை, இதோ விவரம்" என்று தொடங்கும் அறிக்கையை உறுப்பினர் கீழே வைக்க மாட்டார்.

4. ஆதாரம்: நோட்டுப் புத்தகம், தகவல் மனு, ஒப்புதல்

எங்கள் சங்கத்தில் ஓர் ஆயா வைத்திருந்த பள்ளிக்கூட நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீல அட்டை, தண்ணீர் பட்டு ஓரம் உப்பியிருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் தேதி, டேங்கர் லாரி வந்த நேரம், எத்தனை வாளி கிடைத்தது, யார் தூக்கி வந்தது. சில நாட்களில் நேரத்துக்குப் பதிலாக ஒரு கோடு மட்டும் இருக்கும், லாரி வரவில்லை என்று அர்த்தம். "யார் தூக்கியது" என்ற இடத்தில் பேத்தியின் பேர் வந்த நாட்களை எண்ணிப் பார்த்தோம். அவை பெரும்பாலும் பள்ளி நாட்கள். அதற்கு முன் நாங்கள் எழுதி வைத்திருந்த உணர்ச்சி பொங்கும் நீண்ட கடிதத்தை அன்றே ஓரமாக வைத்துவிட்டோம்.

அந்த நோட்டை எப்படி அடுக்குவது என்பதற்கு ஐ.நா.விலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைக் குழு 2002இல் வெளியிட்ட 15ஆம் பொதுக் கருத்துரை (உடன்படிக்கைக்குக் குழுவே தரும் விளக்கம்), அந்த உடன்படிக்கையின் 11, 12ஆம் பிரிவுகளிலிருந்து தண்ணீருக்கான உரிமையை விளக்குகிறது. தண்ணீர் போதுமானதாக, பாதுகாப்பானதாக, ஏற்கத்தக்கதாக, கைக்கெட்டும் தூரத்தில், கட்டுப்படியாகும் விலையில் இருக்க வேண்டும். இந்த ஐந்தையும் நோட்டில் ஐந்து நெடுவரிசையாகப் போட்டுவிடுங்கள். வாளி எண்ணிக்கை, நிறமும் வாடையும், லாரி நின்ற இடத்துக்கு எத்தனை நிமிட நடை, பாட்டில் தண்ணீருக்கோ ஜோஜோ டேங்குக்கோ (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) செலவான ரேண்ட். இப்படிச் சேர்த்தால் பிறகு சட்ட மொழிக்கு மாற்றுவது எளிது. வேறு பிரச்சினைக்கும் அதற்குரிய பொதுக் கருத்துரை இருக்கிறதா என்று முதலில் தேடிவிட்டு, அதன் அளவுகோல்படி கேள்விகளைத் தயாரியுங்கள்.

எண்ணிக்கை எழுதும்போது எப்போதும் எத்தனை பேரிடம் கேட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். "பல வீடுகளில் தண்ணீர் இல்லை" என்ற வரியை அரசு ஒரே நொடியில் மறுத்துவிடும். உதாரணத்துக்கு, "40 வீடுகளில் கேட்டோம், 31 வீடுகளில் நான்கு நாட்களுக்கு மேல் வரவில்லை" என்ற அமைப்பில் எழுதினால் மறுக்க அவர்களிடமும் எண் இருக்க வேண்டும்.

அரசின் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். தகவல் பெறும் உரிமையை வளர்க்கும் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மனு கொடுத்தால் 30 நாட்களில் பதில் தர வேண்டும். அவர்கள் இன்னொரு 30 நாள் நீட்டிக்கலாம். பதில் வரவில்லையென்றால் அதுவும் ஆதாரமே. மனு கொடுத்த தேதியையும் மௌனத்தையும் அப்படியே எழுதிவிடுங்கள்.

ஒப்புதல் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். அந்த ஆயாவிடம் கேட்டேன்: "ஆயா, உங்க பேரு வேண்டாம், எந்தப் பக்கம் வீடுன்னு மட்டும் போடட்டுமா?" அவர் கோபித்துக்கொண்டார்: "பேரைப் போடு கண்ணு, நான் என்ன திருடினேனா?" அப்படியும் போடவில்லை. அறிக்கை இணையத்தில் ஏறினால் திரும்ப எடுப்பது கடினம், பேத்தியின் பேரும் கூடவே போய்விடும். அவருக்கு உட்கார்ந்து விளக்கிச் சொன்ன பிறகு சரி என்றார். யாருடைய கதையையும் சேர்க்கும் முன், அது எங்கே வெளியாகும், யார் படிக்கலாம் என்று அவருடைய மொழியிலேயே சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் இதைக் கேட்கிறது.

5. பக்கத்துத் தெருவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

தமிழ்க் குடும்பங்களின் கஷ்டத்தை மட்டும் எழுதிய அறிக்கை ஒன்றைத் திருத்தக் கொடுத்தார்கள். அந்த ஊரின் மேட்டுக்கு அப்பால் தகரக் கொட்டகைகளில் இருக்கும் சூலு பேசும் மக்களுக்கு வெள்ளத்துக்கு முன்பே சரியான குழாய் இல்லை. அவர்களை விட்டுவிட்டு எழுதினால் அறிக்கை அரைகுறை, நியாயமும் இல்லை. இரண்டு சங்கமும் சேர்ந்து எழுதியபோதுதான் அது முழுமை பெற்றது.

கூட்டாக எழுதுவதில் ஒரு நடைமுறை லாபமும் உண்டு. பெண்கள் உடன்படிக்கைக் குழு தனிச் சங்கத்துக்கு 3,300 சொற்களும் கூட்டமைப்புக்கு 6,600 சொற்களும் தருகிறது. மற்றக் குழுக்களின் அளவு வேறு, அந்தந்த அமர்வின் குறிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்க மனித உரிமை ஆணையத்தின் டர்பன் அலுவலகத்தையும் தொடர்பு கொள்ளுங்கள். ஆணையம் குழுக்களுக்குத் தானே தனி அறிக்கை அனுப்பும். உங்கள் எண்கள் அதிலும் ஏறலாம்.

6. எழுதுவது

அறிக்கையின் வேலை ஒன்றுதான். குழு உறுப்பினர் ஒருவர் அதைப் பார்த்து, அப்படியே அரசிடம் கேட்கக்கூடிய ஒரு கேள்வியைத் தருவது. அவருக்கு ஒரே அமர்வில் பல நாடுகள், ஒவ்வொன்றுக்கும் கட்டுக்கட்டாகக் காகிதம். அவர் உங்கள் ஊருக்கு வந்ததே இல்லை.

அதனால் முதல் பக்கத்திலேயே எல்லாம் இருக்கட்டும். நீங்கள் யார் என்று மூன்று வரி. பிரச்சினை ஒரு வரி. உடன்படிக்கையின் பிரிவு எண். பிறகு அரசிடம் கேட்க வேண்டிய கேள்வி, அதன் கீழ் பரிந்துரை. விவரமும் ஆதாரமும் அடுத்த பக்கங்களில் வரலாம்.

கேள்வியை எப்படி எழுதுவது? "அரசு ஏன் மக்களைக் கைவிட்டது?" என்பது கூட்டத்தில் முழங்க நன்றாக இருக்கும், ஆனால் அதற்கு எந்தப் பதிலும் பொருந்திவிடும். இப்படி எழுதிப் பாருங்கள்: "சுத்திகரிப்பு நிலையம் பழுதாகும்போது ஒரு வீட்டுக்கு நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் தருவது என்று எழுத்தில் திட்டம் உள்ளதா? முதியோர், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கு அது எப்படிச் சேரும்?" இதற்கு ஆம், இல்லை என்று சொல்லியாக வேண்டும். பரிந்துரையும் அப்படியே. "தண்ணீர் வசதியை மேம்படுத்த வேண்டும்" என்று எழுதாதீர்கள். யார், எதை, எப்போதுக்குள் என்று சொல்லுங்கள்.

மொழி விஷயம். நீங்கள் அனுப்புவதை ஐ.நா. செயலகம் மொழிபெயர்க்காது, குழு பயன்படுத்தும் மொழி ஒன்றில்தான் அனுப்ப வேண்டும், எங்களுக்கு அது ஆங்கிலம். ஆனால் முதல் வரைவை மண்டபத்தில் உட்கார்ந்து தமிழிலும் சூலுவிலும் எழுதினோம். ஆங்கில வரைவு வந்ததும் வரிவரியாகத் திருப்பிச் சொல்லிக் காட்டினோம். "லாரி வரவில்லை" என்று ஒருவர் சொன்னது ஆங்கிலத்தில் "சேவையில் இடையூறு" என்று மாறியிருந்தது. அவர் உடனே பிடித்துவிட்டார். திருத்தினோம்.

வெட்ட வேண்டியவை: ஊரின் வரலாறு, அமைச்சர்கள் மேல் வசை, உடன்படிக்கையின் எல்லாப் பிரிவையும் தொட்டுப் போவது. கடைசித் தவறு நல்ல மனதால் வருகிறது, எதையும் விட மனமில்லை. இரண்டு பிரச்சினைகளை மட்டும் எடுத்து ஆழமாக எழுதுங்கள்.

7. அனுப்பும் நாள்

கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பே அனுப்புங்கள். எங்களுக்கு ஒருமுறை லோட் ஷெட்டிங் (முறை வைத்த மின்வெட்டு) நேரமும் அனுப்ப வேண்டிய நேரமும் ஒன்றாக வந்து, பக்கத்து ஊர்ப் பெட்ரோல் நிலைய வாசலில் காரில் உட்கார்ந்து அனுப்பினோம். ஐரோப்பாவில் குளிர்காலமாக இருக்கும்போது ஜெனீவா எங்கள் நேரத்தைவிட ஒரு மணி நேரம் பின்னால், அதை நம்பி இருக்காதீர்கள். பெற்றுக்கொண்டோம் என்ற பதில் வந்ததா என்று பாருங்கள், வரவில்லையென்றால் கேளுங்கள்.

நீங்கள் அனுப்புவது பொதுவாக இணையத்தில் வெளியாகும். வேண்டாமென்றால் இரகசியம் என்று முதல் பக்கத்திலும் அனுப்பும் செய்தியிலும் தெளிவாகக் குறிக்க வேண்டும். இதைச் சங்கத்தில் கூடிப் பேசாமல் ஒருவர் மட்டும் முடிவு செய்யக் கூடாது. எங்கள் மாகாணத்தில் பேசியதற்காக உயிர் போயிருக்கிறது. சோம்கேலே நிலக்கரிச் சுரங்க விரிவாக்கத்தை எதிர்த்த ஃபிகிலே நிட்ஷாங்காசே 2020 அக்டோபரில் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். குழுவுக்கு எழுதியதற்காக மிரட்டல் வந்தால் அதையும் உடனே குழுவுக்குத் தெரிவியுங்கள். பழிவாங்கலைக் கவனிப்பதற்கென்றே உறுப்பினர் ஒருவரைக் குழுக்கள் நியமித்திருக்கின்றன.

8. ஜெனீவா போக வேண்டுமா?

கட்டாயமில்லை. விமானம், தங்குமிடம், தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டுக்குத் தேவைப்படும் ஷெங்கன் விசா எல்லாம் சேர்ந்து ஒரு சிறு சங்கத்தின் ஆண்டுச் செலவை விழுங்கிவிடும். நல்ல அறிக்கையை வீட்டிலிருந்து அனுப்பிவிட்டு, ஐ.நா.வின் இணையத் தொலைக்காட்சியில் அமர்வை நேரலையில் பார்க்கலாம். நாங்கள் மண்டபத்தில் திரை கட்டிப் பார்த்தோம்.

போவதானால் முன்பதிவு அவசியம், நுழைவு அட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். சங்கங்கள் குழுவிடம் பேசத் தனிக் கூட்டம் உண்டு. உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம்தான். அறிக்கையை வாசிக்காதீர்கள், அதை அவர்கள் படித்திருப்பார்கள். அனுப்பிய பிறகு என்ன மாறியது என்பதையும் உங்கள் கேள்வியையும் மட்டும் சொல்லுங்கள்.

அரசுடன் நடக்கும் உரையாடல் வழக்கமாக மூன்று மணி நேரம் வீதம் இரண்டு கூட்டங்கள். அதில் சங்கங்களுக்குப் பேச்சில்லை. ஆனால் முதல் நாள் அதிகாரி உண்மைக்கு மாறாக ஏதாவது சொன்னால், அன்றிரவே அரைப் பக்கம் எழுதி, எந்தப் பதில், எங்கே தவறு, எது ஆதாரம் என்று செயலகத்துக்கு அனுப்பலாம். மறுநாள் உறுப்பினர் அதைத் திருப்பிக் கேட்க வாய்ப்பிருக்கிறது. இதை ஊரிலிருந்தும் செய்யலாம். அதனால் அந்த இரவில் விழித்திருக்க இருவரை முன்பே ஏற்பாடு செய்யுங்கள்.

9. இறுதிக் கருத்துரை வந்த பிறகு

பலரும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். கருத்துரை நீதிமன்ற உத்தரவு இல்லை, அதைத் தூக்கிக்கொண்டு ஊரில் நடக்க ஆள் வேண்டும்.

வந்த வாரமே உங்களைத் தொடும் பத்திகளை அரைப் பக்கத் தமிழிலும் சூலுவிலும் எழுதி, கோயில், தேவாலயம், மசூதி, கிளினிக் வாசல்களில் ஒட்டுங்கள். நகராட்சியின் வட்டார உறுப்பினரிடம் ஒரு பிரதி கொடுத்து, கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். நகராட்சியின் வளர்ச்சித் திட்டக் கூட்டத்தில் பத்தி எண்ணைச் சொல்லியே கேளுங்கள். நாடாளுமன்றத்தின் துறைக் குழுவுக்கும் அனுப்புங்கள்.

நீதிமன்றப் பக்கமும் ஒரு கதவு உண்டு. போதுமான தண்ணீருக்கான உரிமை அரசியலமைப்பின் 27ஆம் பிரிவில் இருக்கிறது. உரிமைகளுக்குப் பொருள் சொல்லும்போது நீதிமன்றங்கள் பன்னாட்டுச் சட்டத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று 39ஆம் பிரிவு சொல்கிறது. சட்ட உதவி மையத்துக்குப் போகும்போது கருத்துரையையும் கையில் எடுத்துப் போங்கள்.

குழு சில பரிந்துரைகளை மட்டும் தேர்ந்து குறுகிய காலத்தில் பதில் கேட்கும். 2018இல் தென்னாப்பிரிக்காவுக்கு 18 மாதம் கொடுத்தது. அரசு பதில் அனுப்பும் நேரத்தில் நீங்களும் உங்கள் பக்கத்தை அனுப்பலாம். உங்கள் கருத்துரையில் குழு தரும் கெடு முடியும் தேதியை நாட்காட்டியில் உடனே குறித்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு புது நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் பரிந்துரையின் பத்தி எண்ணும் அது வெளியான தேதியும். இரண்டாம் பக்கத்தில் அதே ஐந்து நெடுவரிசைகளை வரைந்து, அன்று மாலை குழாயைத் திறந்து, வந்ததை எழுதுங்கள்.